கண்டுபிடித்த பக்கம்

யார் பென் டிரைவை நீட்டினாலும் மிக்தாலியா அதை உடனே கணினியில் செருகிவிட மாட்டார். முதலில் அதன் உலோக முனையைச் சட்டையின் கீழ் விளிம்பில் இரண்டு தரம் தேய்ப்பார். ஊசியில் நூல் கோக்கிறவரைப் போல ஒரு கண்ணை இடுக்கி உள்ளே பார்ப்பார். லேசாக ஊதுவார். பிறகு அதை இடது கைக்குள் வைத்து மூடிக்கொள்வார். மூடிய கை மேசைமேல் இருக்கும். அந்தக் கை திறப்பதற்குள் வந்தவர் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டில் யார் யார் உட்கார்ந்து பார்ப்பீர்கள்? யாருக்காவது இரத்த அழுத்தம் உண்டா? போன வாரம் கொடுத்ததில் எந்த இடத்தில் தூங்கிப்போனீர்கள்? இந்த வருஷம் வீட்டில் சாவு விழுந்ததா?

கடைசிக் கேள்வியை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்பார். பதில் தெரிந்திருந்தாலும் கேட்பார். எங்கள் ஊரான மன்சனியோவில் யார் வீட்டில் யார் போனார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எங்கள் ஊருக்குப் 'பொட்டலம்' சனிக்கிழமை காலையில் வரும். ஹவானாவில் யாரோ திரட்டி, ஹார்ட் டிஸ்கில் அடைத்து, பேருந்து ஓட்டுநர்களின் கை மாறிக் கை மாறித் தீவின் இந்தக் கோடிவரை வந்து சேரும். தொடர், சினிமா, பாட்டு, பந்தயம் என்று அந்த வாரத்து உலகம் அதில் இருக்கும். இணையம் என்பது பூங்காவில் நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்துத் தேடுகிற பொருளாக இருந்த வருஷங்கள் அவை. பொட்டலத்திலிருந்து பிரதி எடுத்துக் கொடுப்பவர்கள் ஊரில் ஆறு பேர் இருந்தார்கள். ஐந்து பேர் கேட்டதைக் கொடுத்தார்கள். மிக்தாலியாவிடம் அவர் கொடுப்பதைத்தான் வாங்க வேண்டும். அதுவும் இரண்டே வகை: கொலைக் கதை, பேய்க் கதை. காதல் தொடர் கேட்டு வருகிறவர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார். அழணும் என்றால் அங்கே போ, இங்கே பயப்பட மட்டும்தான் ஏற்பாடு என்பார்.

பேய்க் கதையைப் பரிந்துரைப்பது எங்கள் ஊரில் லேசான வேலை இல்லை. இங்கே பாதிப் பேருக்குச் செத்தவர்களோடு நேரடிப் பழக்கம். அலமாரிமேல் கண்ணாடித் தம்ளரில் அவர்களுக்குத் தண்ணீர் வைத்து வாரம் தவறாமல் மாற்றுகிறவர்கள். இவர்கள் வெளிநாட்டுப் பேய்ப் படம் பார்ப்பது, ஒரு தையற்காரர் இன்னொருவர் தைத்த சட்டையைப் பார்ப்பது போலத்தான். மூன்றே நாளில் திரும்பி வந்து ஒரு அம்மாள் சண்டை போட்டார். படத்தில் வரும் வீட்டில் இத்தனை கலாட்டா நடக்கிறது, ஒருவருக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் வைக்கத் தோன்றவில்லை, பிறகு செத்த கிழவி பீங்கானை உடைக்காமல் என்ன செய்வாள் என்பது அவர் கட்சி. மீன்பிடிப் படகில் வேலை பார்த்த ஒருவருக்கு வேறு குறை. "செத்தவன் கதவத் தட்டறான், சரி. பத்து பேர் இருக்காங்க, அலறத்தான் தெரியுது. ஒருத்தனாவது, உனக்கு என்னப்பா வேணும்னு கேக்கறானா?"

மிக்தாலியா இதையெல்லாம் கேட்டுக்கொள்வார். கேட்டதை மறக்கமாட்டார். அடுத்த தடவை அந்த அம்மாளுக்குப் பீங்கான் உடையாத கதையும் படகுக்காரருக்கு யாராவது ஒருவர் என்ன வேண்டும் என்று கேட்கிற கதையும் கிடைக்கும்.

கொலைக் கதைகளில் சிக்கல் குறைவு. குளிர் நாட்டுத் துப்பறிவாளர்கள் சர்க்கரை போடாத காபியைச் சூப்புக் கிண்ணம் அளவு குவளையில் குடிப்பதைப் பற்றி மட்டும் வரிசையில் விவாதம் நடக்கும். அதைக் குடித்தால் பெண்டாட்டி விட்டுப் போகாமல் என்ன செய்வாள் என்று முடியும்.

நான் அந்த வரிசையின் ஓரத்தில் நிற்பவன். நகராட்சி நூலகத்தில் வேலை. மிக்தாலியா இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்த மேசைதான் இப்போது என்னுடையது. ஓய்வூதியம் கூரை ஒழுகலுக்குப் போதவில்லை என்று அவர் பொட்டலத்துக்கு வந்தார். கணவர் ரொட்டிக் கூடத்தில் வேலை பார்த்தவர், எப்போதோ ஒல்கின் பக்கம் போய் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். ஒரே மகளைக் கமகுவேயில் கட்டிக் கொடுத்தாயிற்று. முன்னறையில் கணினி, அதன்மேல் தூசிக்குப் போர்த்த பூப்போட்ட துணி, வந்தவர் உட்காரப் பிரம்பு நாற்காலி ஒன்று.

நூலகத்தில் இருந்த காலத்தில் அவருக்கு வேறொரு வழக்கம் இருந்தது. துப்பறியும் நாவலைத் திருப்பிக் கொடுக்க வருகிறவரிடம், கொலைகாரனை எந்தப் பக்கத்தில் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார். பின்னட்டையின் உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் எடுத்தவர் பெயர், தேதி இருக்குமல்லவா, அதற்குப் பக்கத்தில் அந்த எண்ணைப் பென்சிலால் குறிப்பார். கடைசிவரை கண்டுபிடிக்காதவருக்கு ஒரு கோடு. பெருமைக்காகச் சின்ன எண்ணைச் சொல்கிறவர்களிடம், அந்தப் பக்கத்தில் அப்படி என்ன இருந்தது என்று இன்னொரு கேள்வி கேட்பார். அவ்வளவுதான், எண் மாறிவிடும். தானே எடுத்துப் படித்த புத்தகங்களில் தன் பெயருக்கு எதிரே பல இடங்களில் கோடு போட்டிருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அந்தச் சீட்டுகளில் சிலவற்றைப் பார்த்தேன். 88, 143, கோடு, 61. யாரோ எழுதிய புதுக்கவிதை என்றே முதலில் நினைத்தேன்.

நான் கவிதை படிக்கிறவன் என்பதை என் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். முதல் தடவை என் பென் டிரைவைக் கைக்குள் மூடிக்கொண்டு, வீட்டில் யார் யார் என்று கேட்கவில்லை.

"கவிதை படிக்கிறவனா? அப்ப உனக்குக் கொலைகாரன் யாருன்னு சொல்லாமலே முடியற கதை ஒண்ணு இருக்கு தம்பி. வேற யாரும் வாங்க மாட்டேங்கறாங்க. உங்க ஆளுங்களுக்கு அது பழகினதுதானே."

வரிசை சிரித்தது. கதை நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு விஷயத்தில் அவர் பிசகமாட்டார் என்று ஊருக்குத் தெரியும். முடிவைச் சொல்லமாட்டார். இது உண்மையில் நடந்ததா என்று கேட்டால் உள்ளதைச் சொல்வார். இரண்டாவதுதான் எங்கள் ஊருக்கு முக்கியம். நடந்த கதை என்றால், செத்துப்போன அந்த மனிதருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் சிலர் பார்க்க உட்காருவார்கள். கற்பனை என்றால் வேர்க்கடலையோடு உட்காரலாம். 'உண்மைச் சம்பவம்' என்று தொடக்கத்தில் எழுத்துப் போடுகிற தொடர்களையெல்லாம் அவர் நம்புவதில்லை. பழைய பத்திரிகைகளைத் தேடிப் பார்ப்பார், ஹவானாவில் இருக்கும் தோழிக்குத் தொலைபேசி போடுவார். பிறகு சொல்வார், இது கடலை, இது தண்ணீர் என்று.

சோய்லா இரண்டு வீடு தள்ளி இருந்தார். பூங்காவில் தேங்காய் மிட்டாய் விற்பவர். அவருடைய மகன் அலைன், இறால் பிடிக்கப் போன படகு வளைகுடாவில் கவிழ்ந்து, இருபத்துமூன்று வயதில் போனவன். கூடப் போன இரண்டு பேரின் உடல் கிடைத்தது. அவனுடையது கிடைக்கவில்லை. அதிலிருந்து இரண்டு வருஷமாக மிக்தாலியா சோய்லாவுக்குக் கடல் வருகிற, ஆறு வருகிற, கிணறு வருகிற எந்தக் கதையையும் கொடுத்ததில்லை. மலைப் பிரதேசத்துக் கொலைகள், ரயில் கொலைகள், பாலைவனத்துப் பேய்கள். காரணத்தை அவரும் சொல்லவில்லை, சோய்லாவும் கேட்கவில்லை.

சோய்லாவுக்குத் திங்கட்கிழமைதான் வாரம். திங்கள் பிற்பகல் நாலு மணிக்கு டொமிங்கா வீட்டு முற்றத்தில் ஆவிக் கூட்டம் கூடும். முப்பது நாற்பது பேர் வட்டமாக நின்று கைகளைக் கோத்துக்கொண்டு, முன்னும் பின்னும் அசைந்து, காலால் தரையை மிதித்துப் பாடுவார்கள். கோத்த கைகளுக்குக் கயிறு என்று பெயர். தொடங்குமுன் வெளிச்சம் வேண்டிய ஆத்மாக்களின் பெயர்ப் பட்டியலை டொமிங்காவின் அண்ணன் மகள் வாசிப்பாள். பிறகு நடுவில் நிற்கும் டொமிங்காவின் வாய் வழியாக யாராவது பேசுவார்கள். அலைன் அநேகமாக எல்லா வாரமும் பேசினான். பெரிதாக ஒன்றும் இல்லை. குளிரவில்லை என்பான். நீலச் சட்டையை மச்சானுக்குக் கொடுத்துவிடு என்பான். சோய்லா நீலச் சட்டையைக் கொடுத்தார். மற்றச் சட்டைகளைப் பற்றி அவன் ஏதாவது சொல்லும்வரை வைத்திருந்தார்.

டொமிங்கா செருப்புத் தொழிற்சாலையில் தைத்து ஓய்வு பெற்றவர். பத்து வருஷமாகக் கண்புரை. வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. மிக்தாலியா அந்த முற்றத்துக்குப் போனதே இல்லை. கூப்பிட்டவர்களிடம், வாரம் முழுக்கப் பேயோடுதான் இருக்கிறேன், திங்கட்கிழமையாவது உயிரோடு இருப்பவர்களைப் பார்க்கிறேன் என்பார். நம்பவில்லை என்று மட்டும் ஒருபோதும் சொன்னதில்லை.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒரு குளிர் நாட்டுத் தொடர் வந்தது. எட்டுப் பகுதிகள், வாரம் ஒன்று. முதல் பகுதியில், உறைந்த ஏரியின் பனிப்பாளத்துக்குக் கீழே பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் உடல் கிடைக்கும். பெயர் அஸ்லா. பண்ணை ஒன்றில் வேலைக்காரி, தாய் தகப்பன் இல்லை. யார் கொன்றது என்பதுதான் கதை. ஊரே பார்த்தது. ரொட்டி வரிசையில் பாதிரியாரைச் சந்தேகப்படுகிறவர்களும் பண்ணைக்காரனின் மனைவியைச் சந்தேகப்படுகிறவர்களும் தனித்தனியாக நின்றார்கள்.

சோய்லாவும் வந்து கேட்டார். மிக்தாலியாவின் கை திறக்கவில்லை.

"இது உனக்கு வேண்டாம்டி."

"தெருவே பாக்குது, எனக்கு மட்டும் என்ன?"

"வேண்டாம்னா விடு. ரயில்ல ஒண்ணு வந்திருக்கு, அதத் தரேன்."

ரயிலை வாங்கிக்கொண்டு போன சோய்லா, அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஏரியையும் பிரதி எடுத்துக்கொண்டார்.

அவர் பார்த்தது கொலையை இல்லை என்று பின்னால் என் சித்தியிடம் சொல்லியிருக்கிறார். தண்ணீரிலிருந்து எடுத்த உடலைச் சுற்றிப் போலீஸ்காரர்கள் நின்றார்கள், அளந்தார்கள், படம் பிடித்தார்கள். ஒருவரும் அழவில்லை. ஆறு பகுதி முடிந்தும் ஒருவரும் அழவில்லை. தன் மகனுக்கு ஊரே அழுதது, உடல்தான் இல்லை. இந்தப் பெண்ணுக்கு உடல் இருந்தது, அழ ஆள் இல்லை. அந்தத் திங்கட்கிழமை சோய்லா பட்டியலில் அலைன் பெயருக்குக் கீழே அஸ்லா என்று எழுதிக் கொடுத்தார். தொலைக்காட்சியில் வந்த பெயர் என்பது அவருக்குத் தெரியும். ஒருத்தி எங்கேயோ செத்திருந்தால்தானே இப்படியொரு கதை வரும் என்று நினைத்தார். மிக்தாலியாவிடம் கேட்டுக்கொள்ள வழியில்லை. அவருக்குத் தெரியாமல் அல்லவா பார்த்தார்.

என் சித்தி அந்தக் கயிற்றில் நிற்பவர். அவர் சொன்னது இது. பட்டியல் வாசித்து முடிந்தது, பாட்டு நடந்தது, இரண்டு மூன்று பேர் வந்து பேசிவிட்டுப் போனார்கள். பிறகு டொமிங்கா அம்மா தோளைக் குறுக்கிக்கொண்டு, சின்னப் பெண் குரலில் பேசினார்.

"தண்ணி என்னைக் கொல்லல. தண்ணிக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் போயிட்டேன். ஆட்டுக்கு ஊசி போடற கை."

கயிற்றில் கைகள் தளர்ந்தன. பாதிப் பேர் இரண்டு நாள் முன்னால்தான் ஆறாம் பகுதியைப் பார்த்திருந்தார்கள். கதையில் கால்நடை மருத்துவர் ஒருவர் வருகிறார். நல்ல மனிதர், ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று இடத்தில் நடந்து போவார், அவ்வளவுதான். அவரை யாரும் சந்தேகப்படவில்லை.

இரண்டு வாரம் கழித்து எட்டாம் பகுதி வந்தது. கால்நடை மருத்துவர்தான்.

அடுத்த திங்கள் டொமிங்கா வீட்டு முற்றம் கொள்ளவில்லை, கயிறு தெருவுக்கு வந்துவிட்டது. பாதிரியார் கட்சியில் இருந்தவர்கள்கூட வந்து நின்றார்கள். சோய்லாவின் நடையே மாறியிருந்தது. அந்தப் பெண் சொன்னது மெய்யானால் மகன் சொன்னதும் மெய். குளிரவில்லை என்றால் குளிரவில்லை. அந்த வாரம் பூங்காவில் அவர் தேங்காய் மிட்டாயைக் கூவி விற்றதை நான் நூலக ஜன்னலிலிருந்து கேட்டேன். இரண்டு வருஷமாக அவர் கூவியதில்லை.

இதைக் கலைத்தவர் வில்பிரெதோ. சோய்லாவின் இறந்துபோன கணவருக்குத் தம்பி, பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஆவி, தம்ளர், தண்ணீர் எதிலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. அலைன் போனபோது பதினோரு நாள் படகில் தேடியவர் அவர்தான். ஒரு கல் வைத்து, ஒரு பூசை செய்து, முடிந்தது என்று மதினி ஒப்புக்கொள்ள வேண்டும், அப்போதுதான் தூங்குவார் என்பது அவர் எண்ணம். அதே பொட்டலத்தில் வந்த ஒரு சிரிப்புத் தொடரை மடிக்கணினியில் திறந்து எடுத்துக்கொண்டு வந்தார். அதில் அஸ்லாவாக நடித்தவள் தாதியாக நின்றாள்.

"மதினி, உங்க செத்த பொண்ணு இங்க மிட்டாய் மென்னுக்கிட்டு ஊசி போடுது, பாருங்க."

சோய்லா அசரவில்லை. "நடிக்கறவ நடிக்கறா. செத்தவ வேற."

"செத்தவன்னு ஒருத்தி இருந்தாத்தானே மதினி?"

மீதியைச் சோய்லாவே போட்டுப் பார்த்துக்கொண்டார். அப்படியொரு பெண் பிறக்கவே இல்லை என்றால் டொமிங்காவின் வாயில் பேசியது யார்? அவள் யாரும் இல்லை என்றால், மற்றத் திங்கட்கிழமைகளில் பேசியது யார்?

சனிக்கிழமை சோய்லா மிக்தாலியா வீட்டுக்கு வந்தார். கையில் பென் டிரைவ் இல்லை. வரிசையில் தன் முறை வரும்வரை நின்றார். முறை வந்ததும், ஏரித் தொடரைத் தான் பார்த்துவிட்டதைச் சொன்னார், பிறகு கேட்டார். அந்தப் பொண்ணு நெஜமா இருந்தாளா?

மிக்தாலியா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனக்குத் தெரியாது என்றார். அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்றார். தெரியாது என்று அவர் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. வரிசையில் இருந்தவர்களும் கேட்டதில்லை போலிருக்கிறது. எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தத் திங்கட்கிழமை சோய்லா முற்றத்துக்குப் போகவில்லை. இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவர் வழக்கமாக நிற்கிற இடத்தில் யாரும் வந்து நிற்கவில்லை என்றும், அந்தப் பக்கத்து இரண்டு பேர் கையை எட்டி நீட்டிக் கோத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்றும் சித்தி சொன்னார். பூங்காவுக்கும் சோய்லா வரவில்லை. வில்பிரெதோ இரண்டு நாள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது. அவருக்கும் அந்த வாரம் நன்றாக இல்லை. கடைவீதியில் யாரிடமோ, நல்லதுக்குத்தானே செஞ்சேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே மின்சாரம் போய்விட்டது. பொட்டலம் வந்துவிட்டது, பிரதி எடுக்க முடியாது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. முன்னறையிலும் வாசலிலும் பதினெட்டு இருபது பேர் விசிறிக்கொண்டு நின்றோம். மிக்தாலியா மேசைக்குப் பின்னால் இருந்தார். அவர் இடது கைக்குள் அப்போது என் பென் டிரைவ் இருந்தது. வாங்கித் தேய்த்து, ஊதி, மூடிக்கொண்டார், கேள்வி கேட்பதற்குமுன் மின்சாரம் போய்விட்டது.

சோய்லா வந்தார். பின்னாலேயே வில்பிரெதோ, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. வரிசை தானாக விலகியது. சோய்லா பிரம்பு நாற்காலியில் உட்காரவில்லை.

"இருந்தாளா?"

"இருந்தா," என்றார் மிக்தாலியா.

சோய்லா நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க?" என்று கேட்டது வில்பிரெதோ.

"அந்த நாட்டுக்கு வடக்க. அம்பத்தேழாம் வருஷம். பண்ணையில வேலை பாத்தா. கதை எழுதினவன் ஊர் பேரை மாத்தினான், மாட்டாஸ்பத்திரிக்காரன் பேரை மாத்தினான். அவ பேரை மட்டும் மாத்தல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு."

"எந்தப் புஸ்தகத்துல?"

"வில்பிரெதோ, லைப்ரரில இருபத்தாறு வருஷம் உக்காந்திருந்தது நானா, நீயா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வில்பிரெதோ சிரிக்கவில்லை. மிக்தாலியாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பார்வை அது, பழைய வேலை விடாது. மிக்தாலியாவும் பார்வையை எடுக்கவில்லை.

"நீங்க இதுல பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும்," என்றார் அவர். "அதான் உங்ககிட்ட கேட்டது." தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய் வேப்பமர நிழலில் நின்றார், மதினி வரட்டும் என்று.

சோய்லா கேட்டார்: "அவளுக்கு யாரும் இல்லங்கறது?"

"அதுவும் நெஜந்தான். யாரும் இல்ல."

"அப்ப பேரு லிஸ்ட்டுலயே இருக்கட்டும்."

"இருக்கட்டும்," என்றார் மிக்தாலியா.

பதினொரு மணிக்கு மின்சாரம் வந்தது. அவர் கையைத் திறந்தபோது என் பென் டிரைவ் வியர்வையில் நனைந்திருந்தது, உள்ளங்கையில் அதன் விளிம்பு பதிந்திருந்தது. சட்டையில் துடைத்துவிட்டுச் செருகினார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால் சமையல் போட்டி நிகழ்ச்சி ஒன்று பன்னிரண்டு பகுதி இருந்தது. அதைப் பற்றி நான் அவரிடம் பேசவில்லை. மூன்று பகுதி பார்த்தேன்.

திங்கட்கிழமை சோய்லா தன் இடத்தில் போய் நின்றார். அலைன் பேசினான். தன்னுடைய பழைய மிதிவண்டிக்கு எண்ணெய் போடச் சொன்னானாம். எண்ணெய் போட்டுக் கொடுத்தவர் வில்பிரெதோ.

மிக்தாலியாவிடம் ஒன்று மாறியது. கவனித்தவர்கள் குறைவு. இது உண்மையில் நடந்ததா என்று யாராவது கேட்டால் அவர் அதன்பிறகு பதில் சொல்லவில்லை. "அத மட்டும் கேக்காத. பயமா இருந்தா பாரு, இல்லன்னா நிறுத்திடு," என்பார். ஹவானாத் தோழிக்குத் தொலைபேசி போடுவதையும் விட்டுவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாக் கதைக்கும் தம்ளரில் தண்ணீர் வைக்கத் தொடங்கியவர்கள் உண்டு. வேர்க்கடலையும் நிற்கவில்லை. மற்றபடி தேய்ப்பதும் ஊதுவதும் மூடுவதும் அப்படியேதான். சோய்லாவுக்கு மலையும் ரயிலும்தான்.

இரண்டு வருஷம் கழித்து முழங்கால் முடியாமல் கமகுவேயில் மகளிடம் போய்விட்டார். கணினியை வாங்கிய பையன் எல்லா வகையும் வைத்திருக்கிறான், கேள்வி கேட்பதில்லை. போகுமுன் நூலகத்துக்கு வந்து என் மேசையின் இழுப்பறையைத் திறந்து பார்த்தார். பென்சில் இருக்கிறதா என்று பார்த்தேன் என்றார். இருந்தது.

போன வருஷம் கரையான் என்று நூலகத்தின் அலமாரிகளை எல்லாம் இறக்கினோம். துப்பறியும் நாவல்கள் இருந்த வரிசையில், கீழ்த் தட்டில், முன்னட்டை போன மெல்லிய புத்தகம் ஒன்று இருந்தது. எண்பதுகளில் இங்கேயே அச்சான மொழிபெயர்ப்பு, சட்டைப்பை அளவு, காகிதம் காபி நிறத்துக்கு வந்துவிட்டது. தலைப்பில் ஏரியும் இல்லை, பெண்ணும் இல்லை. கரையான் பார்ப்பதற்காகப் புரட்டியபோது பன்னிரண்டாம் பக்கத்தில் அஸ்லா என்ற பெயர் கண்ணில் பட்டது. தரையில் உட்கார்ந்து படித்தேன். பனிப்பாளம், பண்ணை, பாதிரியார். நாற்பத்தோராம் பக்கத்தில் கால்நடை மருத்துவர் தோளில் ஆட்டுக்குட்டியோடு முதல் தடவையாக வருகிறார்.

பின்னட்டையைத் திருப்பினேன். சீட்டில் இரண்டே பதிவுகள், இரண்டும் மிக்தாலியாவின் கையெழுத்து. முதலாவது: டொமிங்கா ரெயெஸ், மார்ச் 1988. கண்டுபிடித்த பக்கம், 41.

இரண்டாவது முப்பது வருஷம் கழித்து. அந்த இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவில் வந்த வியாழன், நான் பயிற்சிக்குப் பயாமோ போயிருந்த நாள். எடுத்தவர் பெயர் மிக்தாலியா. எடுத்த தேதியும் திருப்பிய தேதியும் ஒன்றே. பக்கத்தில் பென்சிலால், 4.

கதை ஏழாம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. நாலாம் பக்கத்தில் அச்சான ஆண்டும் பிரதிகளின் எண்ணிக்கையும் இருக்கின்றன. அவற்றுக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: இந்நூலில் வரும் மனிதர்களும் நிகழ்ச்சிகளும் முழுக்க ஆசிரியரின் கற்பனை.